டிஸ்மல் என்றால் ஆங்கிலேயரின் கரிநாள்

கேள்வி இதுதான்: ஆங்கில நாவல்களிலும் செய்திகளிலும் அடிக்கடி வரும் ‘டிஸ்மல்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘இருண்ட, மனச்சோர்வு தரும்’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ‘க்ளூமி’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ‘டிஸ்’ என்று தொடங்குவதால் அது எதிர்மறை முன்னொட்டா? பொருளாதாரத்தை ஏன் ‘டிஸ்மல் சயன்ஸ்’ என்கிறார்கள்?

நடுவில் இருப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, முன்னொட்டு இல்லை. ‘டிஸ்ஆர்டர்’, ‘டிஸ்லைக்’ ஆகியவற்றில் வரும் ‘டிஸ்’ வேறு, இது வேறு. இந்த ‘டிஸ்’ஸுக்கு ‘நாட்கள்’ என்று பொருள். ‘மல்’ என்றால் ‘கெட்ட’. லத்தீனில் ‘தியேஸ் மாலி’, அதாவது கெட்ட நாட்கள். அது பழைய பிரெஞ்சில் ‘தி மால்’ ஆகி, நார்மன் படையெடுப்புக்குப் பிறகு இங்கிலாந்தின் மேல்தட்டு பேசிய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரெஞ்சில் திங்கட்கிழமைக்கு ‘லன்தி’, செவ்வாய்க்கு ‘மார்தி’ என்பார்கள். அந்தக் கடைசி ‘தி’யும் இந்த ‘டிஸ்’ஸும் ஒரே சொல்தான். ‘மலேரியா’வில் இருக்கும் ‘மல’வும் இதே கெட்டதுதான். அது இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. கொசுவைக் கண்டுபிடிக்கும் வரை அந்தக் காய்ச்சலுக்குச் சதுப்பு நிலத்துக் காற்றே காரணம் என்று நினைத்தார்கள். சதுப்பு நிலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அங்கே போக வேண்டியிருக்கிறது.

சரி, கெட்ட நாட்கள் என்றால் எந்த நாட்கள்? இதை மற்ற மொழிக்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். தமிழர்களுக்கு விளக்க ஒரு சொல் போதும்: கரிநாள்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துப் பாருங்கள். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் கிழமையைப் பொறுத்தவை. சந்திராஷ்டமம் நட்சத்திரத்தைப் பொறுத்தது. கரிநாள் அப்படி இல்லை. அது தமிழ் மாதத் தேதியோடு ஆணி அடித்து மாட்டியது. சித்திரை 6, சித்திரை 15 என்றால் எந்த வருடமும் அதே தேதிகள்தான். கோள் எங்கே நிற்கிறது, திதி என்ன என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. அன்று நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இடைக்கால ஐரோப்பாவின் கெட்ட நாட்களும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன. மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு இருபத்து நான்கு. ‘எகிப்திய நாட்கள்’ என்பது அவற்றின் இன்னொரு பெயர். எகிப்தின் சோதிடர்கள் கணித்துத் தந்தவை என்று நம்பியதால் அந்தப் பெயர். கி.பி. 354ஆம் ஆண்டின் ரோமானிய நாட்காட்டியிலேயே இவை குறிக்கப்பட்டிருக்கின்றன. கிறிஸ்தவம் பரவிய பிறகும் ஒழியவில்லை. கிறிஸ்தவர்களே எகிப்திய நாள் பார்த்து வேலை தொடங்குகிறார்களே என்று புனித அகஸ்டின் குறைப்பட்டிருக்கிறார். அவர் குறைப்பட்டு ஆயிரம் ஆண்டு கழித்தும் தேவாலயத்து நாட்காட்டிகளிலேயே அந்த நாட்களை எழுதிவைத்திருந்தார்கள் என்றால், குறைப்பட்டதன் பலனை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நாட்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. கையெழுத்துப் பிரதிகளில் ஒவ்வொரு மாதத்தின் பக்கத்திலும் மேலே ஒரு லத்தீன் அடி இருக்கும். ஜனவரிக்கு உரிய அடியின் பொருள் ஏறக்குறைய இது: ‘மாதத்தின் முதல் நாளும் ஏழாம் நாளும் வாள் போல வெட்டும்.’ இதைப் படித்துவிட்டு ஜனவரி 7 என்று குறித்துக்கொண்டால் மாட்டிக்கொண்டீர்கள். முதல் எண்ணை மாதத் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும், இரண்டாம் எண்ணை மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 31, 30, 29 என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஏழாவது நாள் 25. ஆக, ஜனவரி 1, ஜனவரி 25. பிப்ரவரியின் அடி நான்காம் நாளையும் மூன்றாம் நாளையும் சொல்லும், அதாவது 4, 26. மார்ச் மாதத்துக்கு 1, 28. இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் எத்தனை பேர் தப்பான நாளில் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்களோ!

பிப்ரவரி 4 என்றதும் ஈழத்து வாசகர்களுக்கு ஒரு பொறி தட்டியிருக்கும். இலங்கையின் சுதந்திர தினம் அது. அந்த நாளைத் தமிழ்க் கட்சிகளும் அமைப்புகளும் ‘கரிநாள்’ என்று அறிவித்துக் கறுப்புக்கொடி கட்டுவது உண்டு. தற்செயல்தான், தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பஞ்சாங்கச் சொல் ஒன்று அரசியல் சொல்லாக மாறுவதை நாம் கண்முன்னே பார்க்கிறோம். ‘டிஸ்மல்’லுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது, இன்னும் நிதானமாக.

எகிப்திய நாளில் என்ன செய்யக் கூடாது? பயணம் கிளம்பக் கூடாது, புது வேலை தொடங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தம் எடுக்கக் கூடாது. நரம்பைக் கீறி இரத்தத்தை வடிய விடுவது அன்றைக்குப் பொது வைத்தியம். அதைத் தப்பான நாளில் செய்தால் ஆள் போய்விடுவார் என்பது நம்பிக்கை. (சரியான நாளில் செய்தாலும் சிலர் போனார்கள், அது வேறு கதை.) ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களை ஒட்டி வரும் மூன்று திங்கட்கிழமைகள் இன்னும் மோசம். அந்த நாட்களில் பெருவாத்து இறைச்சி தின்றால்கூடச் சாவு நிச்சயம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வாத்து என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை. வாத்துகளுக்கு அது நல்ல நாளாக இருந்திருக்கும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் வந்தபோது அது பெயர்ச்சொல். ‘தி டிஸ்மல்’ என்றால் அந்தக் கெட்ட நாட்களின் தொகுதி. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இதைக் கையாண்ட இடம் அருமையானது. 1368இல் இறந்துபோன பிளான்ச் சீமாட்டியை நினைத்து அவர் எழுதிய நீண்ட கவிதையில் கறுப்பு உடை அணிந்த ஒரு வீரன் வருகிறான். தன் காதலை அவளிடம் முதன்முதலாகச் சொல்லப் போன கதையைச் சொல்கிறான். வாய் குழறியது, சொல்ல வேண்டியதில் பாதி மறந்துவிட்டது, அவளும் முதலில் மறுத்துவிட்டாள். அப்போது அவன் சொல்வது: அது ‘டிஸ்மல்’லில் நடந்திருக்க வேண்டும், எகிப்தின் பத்து வாதைகள் அவைதானே! நம்மூர் ஆளாக இருந்தால் ‘நான் போன நேரம் அப்படி’ என்று சொல்லியிருப்பான். அதே பேச்சுதான்.

ஆனால் ‘பத்து வாதைகள்’ எங்கிருந்து வந்தன? இங்கேதான் வேடிக்கை. பிரெஞ்சில் ‘தி’ என்றால் நாட்கள். ஆனால் கிட்டத்தட்ட அதே ஒலியில் ‘தீ’, ‘தீஸ்’ என்றால் பத்து. ‘தி மால்’ என்பதை ‘பத்துத் தீமைகள்’ என்று கேட்டால், பைபிளில் எகிப்தின்மேல் கடவுள் ஏவிய பத்து வாதைகள் ஞாபகத்துக்கு வரும். நாட்களின் பெயரும் ‘எகிப்திய நாட்கள்’. இரண்டும் கச்சிதமாகப் பொருந்திப் போயின. சாசர் தெரிந்தே விளையாடினாரா, அவர் காலத்து மக்களே அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்களா என்பது வேறு கேள்வி. மூலப் பொருள் மங்கிய சொல்லுக்கு மக்கள் தாங்களே ஒரு பொருளைத் தைத்துப் போட்டுவிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இல்லை, கிடைக்கும். என் வீட்டிலேயே இருந்தது. பொங்கலுக்கு மறுநாள், தை 2, காலண்டரில் கரிநாள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் முடிந்த கையோடு அசைவம் சமைப்பார்கள். அதனால் பன்னிரண்டு வயதுவரை நான் அதைக் ‘கறிநாள்’ என்றே நம்பிக்கொண்டிருந்தேன். காலண்டர்காரர்தான் வல்லின ‘றி’ போட மறந்துவிட்டார் என்று நினைத்து, சித்திரை மாதத்துக் கரிநாளில் பாட்டியிடம் போய் ‘இன்னிக்கு ஏன் கறி எடுக்கல?’ என்று சண்டை போட்டிருக்கிறேன். கெட்ட நாள் என்று பாட்டி விளக்கியபோது வந்த ஏமாற்றம் இருக்கிறதே, அதைத்தான் ஆங்கிலத்தில் டிஸ்மல் என்கிறார்கள்.

சரி, பெயர்ச்சொல் எப்படிப் பெயரடை ஆனது? பிரெஞ்சு தெரியாத ஆங்கிலேயருக்கு ‘டிஸ்’ என்றால் நாள் என்று தெரியவில்லை. ஆகவே அதற்குப் பக்கத்தில் இன்னொரு ‘டே’யைச் சேர்த்து ‘டிஸ்மல் டே’ என்றார்கள். பிரித்துப் பார்த்தால் ‘கெட்ட நாள் நாள்’. ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ என்று நாம் பேசுவதைப் போலத்தான். இப்படிச் சொல்லத் தொடங்கியதும் ‘டிஸ்மல்’ என்பது ‘டே’யை வருணிக்கும் சொல்லாகக் காதில் விழுந்தது. பிறகு நாளை விட்டுவிட்டு மற்றவற்றையும் வருணிக்க ஆரம்பித்தது. ஷேக்ஸ்பியர் காலம் வரும்போது பஞ்சாங்க வாசனை பெரும்பாலும் போய், பயங்கரமான, துயரமான, இருண்ட என்ற பொருள்கள் ஏறிவிட்டன. இன்னொரு வேடிக்கை: ஆங்கில ‘டே’வும் லத்தீன் ‘தியேஸ்’ஸும் பார்க்க உறவு போலத் தெரியும், உண்மையில் உறவே இல்லை. நாம் தினசரி, தினத்தாள் என்கிறோமே, அந்த வடமொழித் ‘தினம்’தான் ‘தியேஸ்’ஸுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டும் ‘ஒளிர்தல்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

வேர் மறந்துபோனதால் அறிஞர்களும் தடுமாறினார்கள். 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் ‘தியேஸ் மாலுஸ்’, கெட்ட நாள், என்று ஏறக்குறைய சரியாகவே எழுதினார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த சிலர் வேறு வழியில் போனார்கள். பழைய பிரெஞ்சில் ‘தீம்’ என்றால் தேவாலயத்துக்குச் செலுத்த வேண்டிய பத்தில் ஒரு பங்கு வரி. வரி கட்டும் நாளைவிடக் கெட்ட நாள் உண்டா, ஆகவே அதுதான் ‘டிஸ்மல்’ என்றார்கள். 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியில்கூட இந்த விளக்கம் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. சொற்பிறப்பு விஷயத்தில், கேட்டதும் ‘ஆஹா’ என்று தோன்றும் விளக்கத்தை நான் இரண்டு முறை சோதிக்காமல் விடுவதில்லை.

இப்போது ‘க்ளூமி’க்கு வருவோம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன், இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து கழுத்தை அறுத்திருக்கின்றன. என் அனுபவத்தில் வேறுபாடு இப்படி. ‘க்ளூமி’ மனிதருக்கு இயல்பாகப் பொருந்தும். முகம் தொங்கிப்போனவர், எதிலும் நம்பிக்கை இல்லாதவர். வெளிச்சம் குறைவு என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது. ‘டிஸ்மல்’ பெரும்பாலும் வெளியே இருப்பதைச் சொல்வது. அடைமழை டிஸ்மல், சுண்ணாம்பு உதிர்ந்த லாட்ஜ் அறை டிஸ்மல், தேர்வு முடிவு டிஸ்மல். பார்க்கிறவருக்குச் சோர்வு வரும், ஆனால் குற்றம் அந்தப் பொருளின்மேல். பஞ்சாங்கத்தில் பிறந்த சொல் இல்லையா, பழியை எப்போதும் வெளியேதான் போடும்! மனிதர்மேல் ஏற்றினால் லேசான கேலி வந்துவிடுகிறது. டிக்கன்ஸின் முதல் நாவலில் எப்போதும் புலம்பிக்கொண்டிருக்கும் ஒரு நடிகருக்கு ‘டிஸ்மல் ஜெம்மி’ என்று பட்டப்பெயர் இருப்பது அந்தக் கேலிதான்.

இன்றைய செய்தி ஆங்கிலத்தில் இருட்டும் துயரமும்கூடத் தேய்ந்துபோய், வெறும் ‘படுமோசம்’ என்ற பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு அணி 80 ரன்னுக்குச் சுருண்டால் ‘டிஸ்மல் பெர்ஃபார்மன்ஸ்’. அதைப் போய் ‘துயரார்ந்த ஆட்டம்’ என்று மொழிபெயர்த்த ஒரு வரியை நான் திருத்த நேர்ந்தது. ‘படுமோசமான ஆட்டம்’ என்றால் முடிந்தது. அப்புறம், இந்த இடத்தில் ‘அபிஸ்மல்’ என்ற சொல்லும் வரும். ஓசையும் பொருளும் நெருக்கம், பிறப்பு வேறு. அது அடியில்லாத பள்ளம் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பொருளாதாரக் கதைக்கு வருவோம். கல்லூரியில் நாங்கள் படித்தது இது: மக்கள்தொகை உணவு உற்பத்தியை மிஞ்சிவிடும் என்று பொருளாதார அறிஞர் மால்தஸ் பயமுறுத்தினார், அதைக் கேட்டு நொந்துபோன எழுத்தாளர் தாமஸ் கார்லைல் பொருளாதாரத்துக்கு ‘டிஸ்மல் சயன்ஸ்’ என்று பெயர் வைத்தார். பாடப்புத்தகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கதை. நடந்தது வேறு, அது இதைவிட அசிங்கமானது.

கார்லைல் அந்தத் தொடரை எழுதியது 1849 டிசம்பரில், ‘ஃப்ரேசர்ஸ் மேகசின்’ என்ற இதழில். கட்டுரையின் பொருள் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்கள். 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. (ஆகஸ்ட் 1ம் பழைய எகிப்திய நாள் பட்டியலில் இருக்கிறது, தோட்ட முதலாளிகள் நிச்சயம் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.) விடுதலை பெற்றவர்கள் முதலாளிகள் தந்த குறைந்த கூலிக்குக் கரும்புத் தோட்டத்துக்கு வர மறுத்தார்கள். கார்லைலுக்குக் கோபம். அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும், வெள்ளையர் எசமானராக இருப்பதே இயற்கை என்பது அவர் வாதம். பொருளாதார அறிஞர்களோ எல்லாரும் மனிதர்தான், கூலியைத் தேவையும் வரத்தும் தீர்மானிக்கட்டும், ஆளை விட்டுவிடுங்கள் என்றார்கள். மனிதரைத் தம் போக்கில் விடச் சொல்லும் இந்தச் சாத்திரம் அவருக்கு வறண்டதாக, மனச்சோர்வு தருவதாகத் தோன்றியது. கவிதைக் கலையைக் ‘களிப்பான கலை’ என்று அழைக்கும் ஐரோப்பிய மரபு ஒன்று உண்டு. அதற்கு எதிர்ப்பதமாக இதை ‘டிஸ்மல் சயன்ஸ்’ என்றார். அடுத்த மாதமே பொருளாதார அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதே இதழில் கடுமையாகப் பதில் எழுதினார். ஆனால் மில்லின் பதில் மறந்துபோனது, கார்லைலின் வசவு நிலைத்துவிட்டது. அடிமை முறையை எதிர்த்ததற்காகக் கிடைத்த வசவு என்று தெரிந்தால் பொருளாதார மாணவர்கள் அந்தப் பெயரைக் கொஞ்சம் பெருமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. தோட்டத்துக்கு வர மறுத்தவர்களின் இடத்தை நிரப்பத்தான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். கல்கத்தாவிலிருந்து அதிகம், ஆனால் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். கார்லைல் கட்டுரை எழுதிய நாளில் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புக் காட்டில் தமிழர்கள் இருந்தார்கள்.

இனி சதுப்பு நிலம். அமெரிக்காவில் வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் இருப்பது ‘கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்’. அந்தக் கடற்கரைப் பகுதியில் சேற்றுக் காட்டுக்கு ‘டிஸ்மல்’ என்பதே பொதுப்பெயராக இருந்தது. அதாவது அங்கே போய்ச் சொல் மறுபடியும் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. 1728இல் இரண்டு காலனிகளுக்கும் எல்லைக்கோடு போட வந்த வில்லியம் பேர்ட் அந்த இடத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அதன் நச்சு ஆவிக்குப் பயந்து பிணந்தின்னிக் கழுகுகூட மேலே பறக்காது என்று எழுதினார். அளவைக்காரர்களைச் சேற்றுக்குள் அனுப்பிவிட்டு அவர் சுற்றுவழியில் போனார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து பார்த்துவிட்டு, தண்ணீரை வடித்து விளைநிலம் ஆக்கக் கம்பெனி தொடங்கினார். முழுதாக வடியவில்லை. 1974இல் அதைத் தேசிய வனவிலங்குப் புகலிடம் ஆக்கினார்கள். கழுகும் பறக்காது என்ற இடத்துக்கு இன்று பறவை பார்க்கவே ஆட்கள் போகிறார்கள்.

அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே போனவர்கள் உண்டு. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அந்தச் சேற்றின் நடுவே மேடான திட்டுகளில் குடிசை போட்டுத் தலைமுறைக் கணக்கில் வாழ்ந்தார்கள். வேட்டைநாய்களோடு வரும் எசமானர்கள் நுழையப் பயந்த இடம் என்பதால்தான் அது அவர்களுக்குப் பாதுகாப்பு.

அந்தச் சதுப்பின் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். மரப்பட்டையிலும் அழுகும் இலையிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து ஊறி ஊறி அந்த நிறம். பார்த்தால் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் துவர்ப்பில் கிருமி எளிதில் பெருகாது. அதனால் நீண்ட பயணம் கிளம்பும் பாய்மரக் கப்பல்காரர்கள் தெளிந்த கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, டிஸ்மல் தண்ணீரைத்தான் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.